ஐம்பது வருஷம் தூங்கின தட்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: போன இதழில் 'கேப்டன் பியாண்ட்' என்ற அமெரிக்க ஹார்ட் ராக் குழுவின் முதல் ஆல்பம் மறுபடி இசைத்தட்டாகக் கிடைக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். போனில் கேட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்த காலத்திலேயே ஓடாத ஆல்பம் அது. அதற்கு இன்றைக்கு மூவாயிரத்துச் சொச்சம் கொடுக்கிற அளவுக்கு என்ன இருக்கிறது? நல்ல சரக்காக இருந்தால் அன்றைக்கே விற்றிருக்காதா?
– கும்பகோணம் வாசகர், வயது 26

பதில்: நல்லது எல்லாம் அன்றைக்கே விற்றுவிடும் என்று இருபத்தாறு வயசில் நம்பலாம் தம்பி, தப்பில்லை. நான் பதினாலு வருஷம் உங்கள் ஊரிலேயே கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை வைத்திருந்தவன். ஒரு படத்தில் ஆறு பாட்டு இருந்தால் நாலைத்தான் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். விட்டுப்போன அந்த இரண்டைத்தான் ராத்திரி பாதி ஷட்டரை இறக்கிவிட்டு எனக்காகப் போட்டுக் கேட்பேன். அந்தப் பழக்கம்தான் இந்தத் தட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

ஆட்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்து ஹார்ட் ராக் குழு என்றால் உச்சஸ்தாயியில் அலறுகிற இயன் கில்லன்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருவார். 1988 வாக்கில் கூத்தாநல்லூர் வாடிக்கையாளர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட்டைப் பிரதி எடுக்கக் கொடுத்தார். அதில்தான் நான் முதன்முதலாக அந்தக் குரலைக் கேட்டேன். கேசட் ஓடி முடிகிற வரைக்கும் பக்கத்துத் தையல் கடைக்காரர் மூன்று தடவை எட்டிப் பார்த்தார். ஆனால் கில்லன் வந்தது 1969-இல். அதற்கு முன்னால் அந்தக் குழுவின் முதல் மூன்று ஆல்பங்களில் பாடினவர் ராட் எவன்ஸ். அவரை அனுப்பிவிட்டுத்தான் கில்லனைக் கொண்டுவந்தார்கள். எவன்ஸ் அமெரிக்கா போனார். அங்கே அயர்ன் பட்டர்ஃபிளை என்ற குழு கலைந்துபோய், அதில் கிதார் வாசித்த லாரி ரைன்ஹார்ட்டும் பாஸ் வாசித்த லீ டோர்மனும் அடுத்து என்ன என்று இருந்தார்கள். புளூஸ் கிதார்க்காரர் ஜானி விண்ட்டரிடம் டிரம்ஸ் வாசித்த பாபி கால்ட்வெல்லும் வந்து சேர்ந்தார். நாலு பேருமே வேறு வீட்டில் பாத்தியதை விட்டுப் போனவர்கள். 1972-இல் முதல் ஆல்பம் வந்தது. குழுவின் பெயர்தான் ஆல்பத்துக்கும் பெயர்.

வெளியிட்டது ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் என்ற ஊரிலிருந்த கேப்ரிகார்ன் நிறுவனம். ஆல்மன் பிரதர்ஸ் குழுவுக்கு அது தாய்வீடு. 1971 அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் செத்துப்போன, அந்தக் குழுவின் கிதார்க்காரர் டுவேன் ஆல்மனுக்குத்தான் இந்த ஆல்பத்தையும் காணிக்கை ஆக்கியிருக்கிறார்கள். அங்கே தெற்கத்தி புளூஸ் வாசனை அடிக்கிற ராக்தான் சரக்கு. நிலா, கடல், காற்றுவெளி என்று பாடிக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தடவை தாளத்தை மாற்றுகிற இந்த நாலு பேர் அங்கே போய் உட்கார்ந்தது, இரும்புக் கடையில் பட்டுப்புடவை விற்ற மாதிரி. போதாததற்கு, பழைய குழுவின் ஒப்பந்தத்தில் மாட்டியிருந்ததால் ரைன்ஹார்ட், டோர்மன் இருவர் பெயரையும் பாட்டு எழுதினவர்கள் என்று போட முடியவில்லை. எவன்ஸ், கால்ட்வெல் பெயர் மட்டும்தான் போட்டார்கள். அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதல் நூறுக்குள்கூட ஆல்பம் வரவில்லை. அடுத்த வருஷம் இரண்டாவது ஆல்பம் வருவதற்குள் கால்ட்வெல் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் எவன்ஸும் விலகினார். அவ்வளவுதான் கதை.

சரி, உள்ளே என்ன இருக்கிறது என்றுதானே கேட்டீர்கள். என் விமர்சனத்தைவிட எங்கள் தெருவில் இருக்கிற தவில் வித்வான் சொன்னது உங்களுக்கு உபயோகப்படும். எழுபதை நெருங்குகிறவர். ஏணி கேட்டு வந்தார். ஹாலில் அப்போதுதான் முள்ளை வைத்திருந்தேன். இந்தத் தட்டு டிரம்ஸில் தொடங்கும், ஐந்து எண்ணிக்கை. ஏணி பின்கட்டில் சாய்த்திருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மனுஷர் நகரவில்லை. வலது கை கதவு நிலையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது, இடது கைக் கட்டைவிரல் மற்ற விரல்கள்மேல் போய்ப் போய் வந்தது. "அஞ்சு தம்பி. கண்டம் போடுறான். யாரு இவன்?" என்றார். அமெரிக்காக்காரர் என்றேன். "கை சுத்தமா இருக்கு." கொஞ்ச நேரத்தில் எண்ணிக்கை மாறுகிற இடம் வந்தது. நிலையில் இருந்த விரல் ஒரு நொடி அப்படியே நின்றது, கண்ணைச் சுருக்கினார், தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார், மறுபடி விரல் விழுந்தது, சரியான இடத்தில். பாட்டு வந்ததும், "பாட்டுக்காரன் கத்தலை பாத்தியா? வாத்தியத்துக்கு வழி விட்டுட்டுப் பாடுறான்" என்றார். ஏணியை எடுக்காமலே போய்விட்டார். மறுநாள்தான் பையனை அனுப்பினார்.

அவர் பாராட்டின இரண்டும்தான் 1972-இல் இந்தத் தட்டைக் கவிழ்த்தவை என்பது என் கணக்கு. ஒரே நடையில் தலையை ஆட்டிக்கொண்டு கேட்க வந்தவனுக்கு நடை மாறினால் எரிச்சல் வரும். கில்லனையும் அவர் மாதிரிப் பாடுகிறவர்களையும் கேட்டுப் பழகினவனுக்கு எவன்ஸின் கனமான, அடங்கின குரலில் சூடு போதவில்லை. நமக்கு அப்படியா? சுவாமி புறப்பாட்டில் மல்லாரியைக் காலம் மாற்றி மாற்றி வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே பல்லக்குக்குப் பின்னால் நடந்தவர்கள் நாம். நடை மாறினால் நிமிர்ந்து உட்காருகிற காது இது. அதனால்தான் சொல்கிறேன், இந்தத் தட்டு போய்ச் சேரவேண்டிய ஊருக்கு ஐம்பது வருஷம் தாமதமாக வந்திருக்கிறது.

அப்புறம் அந்தச் சிக்கனம். பதிமூன்று பாட்டு, எல்லாம் சேர்த்தே 35 நிமிஷச் சொச்சம்தான். முதல் பக்கத்தில் முதல் மூன்று பாட்டும் மூச்சு விடாமல் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போகும். அதில் இரண்டாவது பாட்டு இரண்டு நிமிஷம்கூடக் கிடையாது. கிதாரில் ஒரு நல்ல துண்டு வரும், இன்னொரு தடவை வாசிக்க மாட்டாரா என்று நாம் ஏங்கும்போதே அடுத்ததற்குப் போயிருப்பார்கள். வேறு குழுவாக இருந்தால் அந்த ஒரு துண்டை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் ஓட்டியிருக்கும். இரண்டாம் பக்கத்தின் பின்பாதி இன்னும் விசேஷம். ஒரு பாட்டின் முதல் பாகத்தில் ஆரம்பித்து, நடுவில் நிலா, அலை, நட்சத்திரம் என்று மூன்று துண்டு சுற்றிவிட்டு, அதே பாட்டின் இரண்டாம் பாகத்தில் வந்து இறங்குவார்கள். ஸ்வரம் பாடி முடித்துப் பல்லவியைத் தொடுகிற இடம் மாதிரி இருக்கும். இப்படி ஒட்டின பாட்டை ரேடியோக்காரன் எங்கே பிய்த்துத் தனியாகப் போடுவான்?

வெளியூரில் இந்த மாதிரி மறுபதிப்பு வாங்குகிற பலருக்கு அது வாலிப ஞாபகம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. 1972-இல் நான் நாலாம் வகுப்பு, எங்கள் தெருவில் ரேடியோவே இரண்டு வீட்டில்தான். ஆகவே என்னைப் பொறுத்தவரை இது போன மாசம் வந்த தட்டு. புதுசாக வந்த ஒன்று இவ்வளவு நன்றாக இருந்தால் நான் காசு கொடுப்பேன்.

நீங்கள் கொடுக்கவேண்டுமா? கட்டாயம் இல்லை. போனில் கேட்டாலும் பாட்டு அதே பாட்டுதான். ஒன்று மட்டும் கவனியுங்கள். இலவசமாகக் கேட்கிற ஆப்பாக இருந்தால், ஒட்டிப் போகிற அந்த மூன்று பாட்டுக்கு நடுவில் சோப்பு விளம்பரம் வந்து உட்காரும். அதற்கு மட்டுமாவது சந்தா கட்டுங்கள்.


கேள்வி: என் வீட்டுக்காரர் ஏற்கெனவே போனில் இருக்கிற பாட்டையே 3,400 ரூபாய் கொடுத்துத் தட்டாக வாங்கியிருக்கிறார். வீட்டில் பிளேயர்கூடக் கிடையாது. அட்டையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவரை என்ன செய்யலாம்?
– பாபநாசம் வாசகி

பதில்: அம்மா, ஒன்றும் செய்ய முடியாது. பிளேயர் அடுத்த மாசம் வரும், அதற்கு ஸ்பீக்கர் தீபாவளிக்கு வரும், இப்போதே ஒரு அலமாரித் தட்டைக் காலி செய்து வைத்துவிடுங்கள். அட்டையைப் பார்ப்பதைக் குறை சொல்லாதீர்கள். மேலே சொன்ன ஆல்பத்தின் அமெரிக்க முதல் பதிப்பில், அசைத்தால் ஆழம் தெரிகிற முப்பரிமாணப் படம் ஒன்றை அட்டையில் ஒட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் திருவிழாக் கடையில் ஒரு சாமி படம் விற்கும், இந்தப் பக்கம் சாய்த்தால் முருகன், அந்தப் பக்கம் சாய்த்தால் பிள்ளையார். விரல் நகத்தால் கீறினால் 'கிர்ர்' என்று சத்தம் வரும் பாருங்கள், அதே வரி வரியான பிளாஸ்டிக்தான். நானும் அந்தச் சாமி படத்தை அசைத்து அசைத்துப் பார்த்தவன்தான்.


கேள்வி: தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பிறந்த மண்ணிலிருந்து எழுதுகிறேன். எழுபத்தோரு வயதாகிறது. தங்கள் பத்திரிகையில் நாகஸ்வரத்துக்குக் கிடைக்காத இடம் இந்த அன்னிய இரைச்சலுக்குக் கிடைப்பது வருத்தமாக இருக்கிறது.
– திருவாரூர் வாசகர்

பதில்: ஐயா, இடம் போதவில்லை என்ற வருத்தம் நியாயம். நாகஸ்வரம் பற்றி யாராவது கேள்வி அனுப்பினால் இரண்டு பக்கம் எழுதக் காத்திருக்கிறேன், நீங்களே அனுப்புங்கள். ஆனால் 'அன்னிய' என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் ஊர் தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பேண்ட் வாத்திய மெட்டுகளைக் காது கொடுத்துக் கேட்டு, அதற்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலின் கற்றுக்கொண்டார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அந்த வாத்தியத்தை எடுத்தார். இன்றைக்கு வயலின் இல்லாமல் ஒரு கச்சேரி உண்டா?

'இரைச்சல்' விஷயத்தில் சிரிப்புத்தான் வருகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பலா மரத்தைக் குடைந்து, தோல் கட்டி, ஒரு பக்கம் கழியாலும் மறுபக்கம் விரலில் கூடு மாட்டியும் அடிக்கிற தவிலை மைக்கே இல்லாமல் நாலு வீதிக்குக் கேட்கவைத்த ஊர்க்காரர்கள் நாம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி இசைத்தட்டு ஊர் ஊராகப் போனதும் உங்களுக்குத் தெரியும். அது என்ன மெல்லிசையா? திறந்தவெளியில் ஆயிரம் பேரை நிறுத்தி வைக்கிற சத்தம். ஹார்ட் ராக்கும் அதே வேலையைத்தான் மின்சாரம் வைத்துச் செய்கிறது. பிடிக்கவில்லை என்றால் சரி, விட்டுவிடலாம். சத்தமாக இருக்கிறது என்ற காரணத்தைச் சொல்ல மட்டும் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு உரிமை கிடையாது.


கேள்வி: அப்பா காலத்து இசைத்தட்டுகள் நாற்பதுக்கு மேல் பரணில் இருந்தன. போன மழையில் எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடித்து வெள்ளையாகக் கிடக்கிறது. சில தட்டுகள் நெளிந்தும் இருக்கின்றன. தூக்கிப் போட மனசு வரவில்லை. சுத்தம் செய்ய முடியுமா? ஒரு சின்னப் பெட்டி பிளேயர் வாங்கலாம் என்றும் நினைக்கிறேன்.
– மயிலாடுதுறை வாசகி

பதில்: தூக்கிப் போடாதீர்கள் அம்மா. பூஞ்சணம் பெரும்பாலும் கழுவினால் போய்விடும்.

முதலில் இரண்டு குவியலாகப் பிரியுங்கள். கனமாக, விறைப்பாக, கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி உடைகிறவை பழைய 78 தட்டுகள், அரக்கில் செய்தவை. லேசாக வளைந்து கொடுக்கிறவை பிற்காலத்து எல்.பி., அது பிளாஸ்டிக். கழுவுவதற்கு ஸ்பிரிட் கலக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். பிளாஸ்டிக் தட்டுக்குக் கொஞ்சம் கலந்தால் பரவாயில்லை, அரக்குத் தட்டில் அது பட்டால் தட்டே கரையும், பாட்டும் கூடவே போய்விடும். ஆகவே சந்தேகமாக இருந்தால் ஸ்பிரிட்டே வேண்டாம்.

போர் தண்ணீரில் கழுவாதீர்கள். நம் பக்கத்துத் தண்ணீர் காய்ந்தால் வாளியிலேயே வெள்ளையாக உப்புப் படிகிறது, அதே உப்பு தட்டின் வரிகளுக்குள் படிந்தால் பாட்டு முழுக்கக் கடுகு தாளிக்கிற சத்தம்தான். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் மெக்கானிக் கடையில் கேனாகக் கிடைக்கும், அதை வாங்குங்கள். ஒரு லிட்டருக்குப் பாத்திரம் கழுவுகிற லிக்விட் இரண்டு சொட்டு. மெத்தென்ற பிரஷ்ஷால், வரி போகிற போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். நடுவில் இருக்கிற லேபிளில் தண்ணீர் படக்கூடாது. என் மனைவி சில்வர் சொம்பு ஒன்றை லேபிள்மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கழுவுவார், அந்த யோசனை எனக்கு வரவில்லை. சோப்புப் போகச் சுத்தத் தண்ணீரில் இன்னொரு தடவை அலசி, தட்டு அடுக்குகிற ஸ்டாண்டில் நிறுத்தி மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளம்தான். உங்கள் தட்டுகள் நெளிந்ததற்குக்கூட மழை காரணமாக இருக்காது, சித்திரை வெயிலில் ஓட்டுக்கு அடியில் பரணில் கிடந்ததும், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்திருந்ததும்தான். இனிமேல் புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். உள்ளே இருக்கிற காகித உறை பூத்திருந்தால் எறிந்துவிட்டுப் புது உறை போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசியில் மறுபடி வரும்.

பெட்டி பிளேயர் வேண்டாம். இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கிற, சூட்கேஸ் மாதிரி மூடுகிற ஒன்றை நானும் ஆசைப்பட்டு வாங்கினேன். நல்ல பிளேயரில் முள் தட்டின்மேல் இரண்டு கிராம் கனத்தில் மிதக்கும். இந்த ரகத்தில் பலவற்றில் அது ஐந்து கிராமுக்குக் குறையாது. ஹார்ட் ராக்கில் பாஸ் கனமாக வருகிற இடத்தில், உள்ளேயே இருக்கிற ஸ்பீக்கர் பெட்டியை அதிரவைத்து, பெட்டி முள்ளை அதிரவைத்து, முள் ஒரு துள்ளுத் துள்ளி அடுத்த பாட்டுக்கே போய்விட்டது. புதுத் தட்டில் கீறல். கனத்தைத் திருகி அளவாக வைக்கிற வசதி இருக்கிற சாதாரண பிளேயர் ஒன்றைக் கொஞ்சம் காசு சேர்த்து வாங்குங்கள். அதை மரப் பலகையில் வைக்காமல் கடப்பாக்கல் அலமாரியில் வைத்தீர்களானால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. யாராவது திமுதிமுவென்று நடந்தாலும் ஒன்றும் ஆகாது.

அப்பா சேகரிப்பில் நம் தமிழ்ப் பாட்டு வெளியிட்ட எக்கோ, இன்ரெகோ கம்பெனித் தட்டுகள் இருந்தால் அவற்றை முதலில் கழுவுங்கள்.


கேள்வி: 180 கிராம் தட்டு, கலர் தட்டு என்றெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்களே, கனம் கூடினால் சத்தம் நன்றாக இருக்குமா? பழைய முதல் பதிப்பைத் தேடுவதா, மறுபதிப்பு போதுமா?
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: கனத்துக்கும் சத்தத்துக்கும் அவ்வளவாகச் சம்பந்தம் இல்லை. பழைய தட்டுகள் 120 முதல் 140 கிராம்தான் இருக்கும், அதில் அருமையாகப் பாடுகிறவை எத்தனையோ. கனமான தட்டு சுலபத்தில் நெளியாது, கையில் எடுத்தால் காசுக்கு ஏதோ கிடைத்த மாதிரி இருக்கும். கலர் என்பது கண்ணுக்கு.

மறுபதிப்பில் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு. பாட்டை எதிலிருந்து எடுத்துத் தட்டில் வெட்டினார்கள்? மூல நாடாவிலிருந்தா, கம்ப்யூட்டர் ஃபைலிலிருந்தா, அல்லது யாரோ பழைய சி.டி.யை எடுத்து அப்படியே தட்டில் ஏற்றிவிட்டார்களா? கடைசியாகச் சொன்ன ரகம் ஐரோப்பாவிலிருந்து நிறைய வருகிறது. அட்டை ஜோராக இருக்கும், உள்ளே பாட்டு போர்வை போர்த்தின மாதிரி இருக்கும். மறக்கப்பட்ட ஹார்ட் ராக் ஆல்பங்களில்தான் இந்தக் கூத்து அதிகம், தட்டிக் கேட்கச் சொந்தக்காரர் யார் என்றே தெரியாத தட்டுகள் பாருங்கள். வெட்டினவர் யார், எங்கே அச்சடித்தது என்று ஒரு வரிகூட இல்லாவிட்டால் நான் வாங்குவதில்லை.

வெட்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது. அலுமினியத் தகட்டில் லாக்கர் என்ற வார்னிஷ் மாதிரிப் பூச்சைப் பூசி, அதில்தான் முதலில் பாட்டை ஊசியால் வெட்டுவார்கள், அதிலிருந்து அச்சு எடுப்பார்கள். அந்த லாக்கர் தகட்டைச் செய்கிற இடம் உலகத்திலேயே இரண்டுதான் இருந்தது. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் இருந்த ஒன்று தீப்பிடித்து எரிந்துபோயிற்று. மிச்சம் ஜப்பானில் இருந்தது மட்டும். உலகம் பூராவும் தட்டு வாங்கி அடுக்குகிற நேரத்தில் நிலைமை அப்படி. தட்டு ஏன் இந்த விலை விற்கிறது என்று பாபநாசத்து அம்மாவுக்கு யாராவது இதையும் சொல்லுங்கள்.

கேப்டன் பியாண்ட் மாதிரி ஆல்பத்துக்குத் தட்டு பொருந்துவதற்கு இன்னொரு காரணம் நீளம். பக்கத்துக்குப் பதினேழு, பதினெட்டு நிமிஷம்தான் வருகிறது. ஒரு பக்கத்தில் இருபத்தைந்து நிமிஷம் திணித்தால் வரிகளை நெருக்கி நெருக்கி வெட்டவேண்டும், சத்தத்தைக் குறைக்கவேண்டும், பாஸ் இளைத்துவிடும். இங்கே வயலில் நல்ல இடைவெளி விட்டு நாற்று நட்ட மாதிரி வரிகள் தாராளமாக இருக்கும், கண்ணாலேயே பார்க்கலாம், விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் டிரம்ஸ் கனமாக விழுகிற இடம் எல்லாம் அலை அலையாகத் தெரியும். குறையும் உண்டு. தட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது, ஆனால் லேபிளை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் குறைந்துகொண்டே வருகிறது, அதே பாட்டை அதைவிடக் குறுகின இடத்தில் எழுதவேண்டியிருக்கும். அதனால் இரண்டாம் பக்கத்தின் கடைசித் துண்டில், எல்லாரும் சேர்ந்து வாசிக்கிற இடத்தில், மோசமான முள்ளாக இருந்தால் சிம்பல் சத்தம் மணல் அரைக்கும். முள்ளை மாற்றுங்கள், தட்டைத் திட்டாதீர்கள்.

முதல் பதிப்பு கிடைத்தால் பாக்கியம். அந்த விலைக்கு ஒரு மா நிலத்துக்கு உழவு ஓட்டிவிடலாம் என்பதால் நான் தேடவில்லை.


கேள்வி: அந்தப் பாடகர் ராட் எவன்ஸ் இப்போது எங்கே?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: வெளியே தலைகாட்டுவதில்லை. 1980-இல் ஒரு கோஷ்டி அவரை முன்னால் நிறுத்தி, டீப் பர்ப்பிள் என்ற பெயரிலேயே அமெரிக்காவில் கச்சேரி நடத்தியது. பழைய குழுவில் இருந்தவர் என்று அதில் அவர் ஒருவர்தான். ஜனங்கள் மேடையைப் பார்த்துவிட்டுக் கொந்தளித்தார்கள். நிஜக் குழுவின் நிர்வாகம் கோர்ட்டுக்குப் போனது. 6,72,000 டாலர் நஷ்ட ஈடு என்று தீர்ப்பு. முதல் மூன்று ஆல்பங்களுக்கு வந்துகொண்டிருந்த ராயல்டியும் போயிற்று. அதோடு மனுஷர் பாட்டை விட்டே ஒதுங்கிவிட்டார். ரைன்ஹார்ட்டும் டோர்மனும் ஒரே வருஷத்தில், 2012 ஜனவரியில் ஒருவர் டிசம்பரில் ஒருவர், காலமானார்கள்.

எவன்ஸ் செய்தது தப்புதான். இருந்தாலும் அந்தத் தட்டில் அவர் குரல் வரும்போதெல்லாம், சொந்தக் குழுவிலிருந்து ஒரு தடவை வெளியேற்றப்பட்டவர் என்பதும் சேர்ந்தே காதில் விழுகிறது எனக்கு.


கேள்வி: தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் முள்ளுக்கோ தட்டுக்கோ ஏதாவது ஆகுமா? எங்கள் பக்கம் கஜா புயலுக்கப்புறம் காற்றடித்தாலே முன்ஜாக்கிரதையாக நிறுத்திவிடுகிறார்கள்.
– பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: ஒன்றும் ஆகாது. மெதுவாக நிற்கிற தட்டின்மேல் முள் சும்மா உட்கார்ந்திருக்கும். கையால் தூக்கி அதன் இடத்தில் வைத்துவிடுங்கள், சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். சுவிட்சை அணைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் போன வாரம் பார்த்தேன்.

தவில் வித்வான் மறுபடி வந்திருந்தார். ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொன்னார், ஆனால் ஏணி இல்லை. "அந்தப் பய இன்னொரு பக்கம் வாசிச்சிருப்பானே" என்றார். இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். எங்கள் ஹாலில் ஆம்ப்ளிஃபயர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது, பிளேயர் மட்டும் வேறு பிளக்கில், வயரிங் செய்தவர் புண்ணியம். நிலாப் பாட்டு நடுவில் கரண்ட் போயிற்று. ஸ்பீக்கர் ஓடிக்கொண்டே இருந்ததால் பாட்டு நிற்கவில்லை, தட்டு தளரத் தளர எவன்ஸின் குரல் கீழே, இன்னும் கீழே இறங்கி, கடைசியில் எருமை முனகுகிற மாதிரி ஆகி அடங்கியது. "சுருதி இறங்கிடுச்சே" என்றார் வித்வான், ரொம்ப கவலையாக. இருட்டில் இரண்டு பேரும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்ததும் தட்டு தானாகவே அசைய ஆரம்பித்தது. குரல் விட்ட இடத்திலிருந்து, பாதாளத்திலிருந்து ஏறுகிற மாதிரி முக்கி முக்கி ஏறி சுருதியைப் பிடித்தது. அவர் அதற்குள் தொடையில் தாளத்தைப் போட்டுவிட்டு அது வந்து சேரக் காத்துக்கொண்டிருந்தார்.